தூங்குகிறவனுக்கு ஒரு மடி

எகிப்தின் கெல்லியா பாலையில் வாழ்ந்த துறவிகளுக்கு நடுப்பகல் என்றால் பயம். வெயிலுக்குப் பயந்தவர்கள் இல்லை அவர்கள். அந்த வேளையில் ஒரு பேய் வரும் என்று நம்பினார்கள். நாலாம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் காலை பத்து மணிவாக்கில் வந்து, பிற்பகல் இரண்டு மணிவரை ஆளை விடாது என்று நேரம்கூடக் குறித்துவைத்தார் எவாக்ரியஸ் என்ற துறவி. பேய்களிலேயே மிகக் கொடியது இதுதான் என்றும் எழுதினார். அது வந்துவிட்டால் சூரியன் நகராது. ஒரு பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல இருக்கும். அறைக்குள் இருக்கிறவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு பொழுது இறங்க வேண்டும் என்று அண்ணாந்து பார்ப்பான். பேச யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் நோட்டம் விடுவான். பிறகு அந்த இடமே பிடிக்காமல் போகும். கையில் எடுத்த வேலை கசக்கும். இங்கே ஒருவருக்கும் யார்மேலும் அன்பில்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று தோன்றும். சமீபத்தில் மனசை நோகடித்தவர் முகம் நினைவுக்கு வரும். வேறு ஊருக்குப் போனால் பிழைப்பு சுலபம், கடவுளை எங்கிருந்தும் தொழலாமே என்று மனம் நியாயம் பேசும். கடைசியில் வீட்டு ஞாபகமும், இன்னும் எத்தனை வருடம் இப்படியே ஓட்டுவது என்ற மலைப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை அவர் எழுதி 1,600 வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் குவைத்தில் பல வருடம் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தவள். எங்களுக்கு அந்தப் பேய் விடியற்காலை மூன்று மணிக்கு வரும். பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதுதான் பாடு. எல்லா பெட்டுக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டது, சார்ட் எழுதியாகிவிட்டது, வென்டிலேட்டர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சுவர்க் கடிகாரம் அசையாது. கனடாவுக்குப் போன தோழிகளின் நினைப்பு வரும். சூப்பர்வைசர் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை திரும்பக் குத்தும். ஊரில் பிள்ளைகள் தூங்கி எழும்பும் நேரம் என்று தோன்றும்போது நெஞ்சு அடைக்கும். உடம்பு அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் தீரும். இது படுத்தாலும் தீராத அலுப்பு. ஓய்வுபெற்று வந்த பிறகு எவாக்ரியஸை வாசித்தபோதுதான், இந்த நோயை எனக்கு வெகுகாலம் முன்பே ஒருவர் அறிகுறி அறிகுறியாக எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. எங்கள் வீடுகளில் இரவு ஜெபத்தில் சொல்லும் 91-ஆம் சங்கீதத்தில், மத்தியானத்தில் பாழாக்குகிற ஒன்றைப் பற்றி ஒரு வரி உண்டு. சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி அதில் நின்று யோசித்ததே கிடையாது. அந்தத் துறவிகள் அந்த வரியில்தான் இந்தப் பேயை அடையாளம் கண்டார்கள்.

எவாக்ரியஸே சோர்ந்து வந்தவர்தான். கருங்கடல் கரையோரப் பொந்து நாட்டில் 345-ஆம் ஆண்டுவாக்கில் பிறந்தவர். நாசியான்சு கிரகோரியார் அவரை டீக்கனாக அபிஷேகம் செய்தார். தலைநகர் கான்ஸ்டான்டினோப்பிளில் பேச்சாற்றலால் பெயர் வாங்கினார். அங்கே ஒரு பெரிய அதிகாரியின் மனைவியோடு மனம் சிக்கிக்கொள்ள, 382 வாக்கில் எருசலேமுக்கு ஓடினார். அங்கே காய்ச்சலில் விழுந்து ஆறு மாதம் படுத்த படுக்கை. வைத்தியர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒலிவ மலையில் மடம் நடத்திய மெலானியா என்ற பெண் துறவிதான் பக்கத்தில் உட்கார்ந்து, இது வெறும் காய்ச்சலாகத் தெரியவில்லை, மனதில் இருப்பதைச் சொல் என்று கேட்டார். சொன்னார். சில நாளில் எழுந்து நடந்தார். இதை எழுதிவைத்தவர் அவருடைய சீடர் பல்லாடியஸ். எந்த டெஸ்டிலும் ஒன்றும் தெரியாத நோயாளியைப் பார்த்திருக்கிற எந்த நர்ஸும் மெலானியாவைக் கையெடுத்துக் கும்பிடுவாள். எருசலேமிலிருந்து எவாக்ரியஸ் எகிப்துக்குப் போனார். நித்ரியாவில் இரண்டு வருடம், கெல்லியாவில் சுமார் பதினான்கு வருடம் இருந்து, புத்தகங்களைப் படியெடுத்துக் கிடைத்த கூலியில் சாப்பிட்டு, 399-இல் இறந்தார். பிற்காலத்தில், 6-ஆம் நூற்றாண்டில், சபை அவருடைய சில போதனைகளைக் கண்டித்தது. அதனால் அவர் எழுதியவற்றில் பல வேறொருவர் பெயரில் ஒளிந்து தப்பின.

நித்ரியாவும் கெல்லியாவும் நைல் நதி விரிந்து பாயும் சமவெளிக்கு மேற்கே இருந்தவை. அமுன் என்பவர் 330 வாக்கில் நித்ரியாவில் குடியேறினார். ஆட்கள் பெருகப் பெருக அங்கே சந்தடி கூடியது. அந்தோணியார் அமுனைப் பார்க்க வந்திருந்தபோது, இன்னும் அமைதியான இடம் வேண்டும் என்று அமுன் கேட்டாராம். இந்த அந்தோணியாரை நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நன்றாக அறிவார்கள். பதுவை அந்தோணியார் வேறு, இவர் வனத்து அந்தோணியார். பிற்பகல் மூன்று மணிச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் பாலையில் நடந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் நின்ற இடத்தில் ஒரு சிலுவையை நட்டார்கள். அங்கே உள்ளவர்களும் இங்கே உள்ளவர்களும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் இருட்டுமுன் ஒருவரையொருவர் போய்ப் பார்த்துவிடலாம், அந்த அளவு தூரம் போதும் என்பது கணக்கு. தனிமைக்காகத் தேடிய இடத்தைக்கூட, போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில்தான் தேடினார்கள். கெல்லியா உண்டான கதை இது.

1964-இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு பிரெஞ்சுக் குழுவும் ஜெனீவாவிலிருந்து வந்த குழுவும் தோண்டின. சுமார் 1,500 துறவிக் குடியிருப்புகளின் தடம் மண்ணுக்கடியில் இருந்தது. வெயிலில் உலர்த்திய செங்கல் சுவர், ஒரு முற்றம், கிழக்குச் சுவரில் ஜெபத்துக்கு ஒரு மாடம், அதில் செந்நிறத்தில் தீட்டிய சிலுவை. எவாக்ரியஸ் காலத்துக்குப் பிற்பட்டவைதான் அவற்றில் பெரும்பாலானவை. இப்போது பாசனக் கால்வாய் வந்து அந்த மண் வயலாகிவிட்டது.

இந்த ஆட்கள் பகல் முழுக்க என்ன செய்தார்கள்? ஓலை முடைந்தார்கள். பேரீச்ச ஓலை. ஊற வைத்து, பதம் வந்ததும் கிழித்து, நீளமாகப் பின்னி, அந்தப் பின்னலைச் சுற்றித் தைத்துப் பெட்டியாக்குவது. கயிறு திரிப்பது. குமரி மாவட்டத்தில் பனங்காட்டுப் பக்கம் பிறந்தவளுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி குருத்தோலையைப் பிளந்து, ஈர்க்கு நீக்கி, நனைத்துவைத்து, சாயங்காலம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பெட்டி முடைவாள். ஓலை காய்ந்துபோனால் மடக்கும்போது ஒடியும். ரொம்ப ஊறினால் தளர்ந்துபோகும், பெட்டி நிற்காது. விரலால் தடவிப் பார்த்துப் பதம் சொல்லுவாள். வாய் ஏதாவது பாட்டையோ ஜெபத்தையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பாலைத் துறவிகளின் வாயும் அப்படித்தான் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆர்சேனியஸ் என்பவர் ஓலை ஊறும் தண்ணீரை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்றுவாராம். குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவார், அவ்வளவே. அறை நாறும். ஏன் என்று மற்ற பெரியவர்கள் கேட்டார்கள். அரண்மனையில் வாசனைத் தைலத்தை அனுபவித்தவன், அதற்குப் பதிலாக இந்த நாற்றத்தைப் பொறுக்கத்தான் வேண்டும் என்றார். பேரரசர் தெயொதோசியஸின் பிள்ளைகள் அர்க்காதியஸுக்கும் ஹொனோரியஸுக்கும் பாடம் சொன்ன ஆசிரியர் அவர் என்பது பழைய வழக்கு. ஓலை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை மாற்ற மறந்த வீட்டில் நுழைந்தவர்களுக்குத்தான் அந்த வாசம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

பாலைப் பெரியவர்களின் சொற்களையும் செயல்களையும் தொகுத்த பழைய நூலில் முதலாவதாக வருவது அந்தோணியாரின் கதை. அதுவே சோர்வைப் பற்றிய கதைதான். அவருக்கு மனம் இருண்டு, ஒன்றும் ஓடவில்லை. ஆண்டவரே, நான் பிழைக்க என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிக்கிறதைக் கண்டார். அவர் கொஞ்ச நேரம் திரித்தார், எழுந்து ஜெபித்தார், மறுபடியும் உட்கார்ந்து திரித்தார், மறுபடியும் எழுந்தார். அது ஒரு தேவதூதன். நீயும் இப்படிச் செய் என்றான், போய்விட்டான். துறவு வாழ்க்கையின் பிதா என்று உலகம் சொல்லும் மனிதருக்கு, சோர்ந்த நாளில் கிடைத்த தரிசனம் இவ்வளவுதான். ஒரு வேலை, ஒரு ஜெபம், திரும்ப ஒரு வேலை. எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. மூன்று மணிக்கு பெட் நம்பர் நாலின் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டு நிமிரும்போது, கொஞ்சம் முன்னால் இருந்த இருட்டு சற்று விலகியிருக்கும். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

என்னோடு வேலை பார்த்த எகிப்திய நர்ஸ் ஒருத்தி கோப்து கிறிஸ்தவள். வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாகச் சிலுவை பச்சை குத்தியிருப்பாள். ஒரு லீவில் அவளோடு கெய்ரோ போனேன். அங்கிருந்து அலெக்சாந்திரியா போகும் பாலைவனச் சாலையில் நூறு கிலோமீட்டர் போனால் வாடி நத்ரூன். பழைய பெயர் ஸ்கேதிஸ். எகிப்தியர்கள் பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்திய நத்ரூன் உப்பு விளைந்த பள்ளம் அது. மக்காரியஸ் என்பவர் 330 வாக்கில் அங்கே குடியேறினார். இன்றைக்கும் நான்கு மடங்கள் ஆட்களோடு இயங்குகின்றன. காவிநிறச் சுவர்கள், குட்டிக் குவிமாடங்கள், கொள்ளைக்காரர் வந்தால் ஏறி ஒளிந்துகொள்ளும் கோட்டைக் கோபுரம், அதற்குப் போக ஒரு தூக்குப்பாலம். கறுப்பு அங்கியும், சிலுவைகள் தைத்த கறுப்புத் தலைக்குல்லாவுமாகத் துறவிகள். எங்களை உட்காரவைத்து அவரைப் பயறும் ரொட்டியும் தேநீரும் தந்தார்கள். எங்கே, என்ன, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

சிரியர் மடத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. சிரியாவின் எபிரேம் முனிவர் ஊன்றி வந்த கோலை வாசலில் நட்டுவிட்டு உள்ளே போனார், அது தளிர்த்து மரமானது என்பது ஐதீகம். பாலைக்கு நடுவில் புளியமரத்தைக் கண்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மடத்துக் கோவிலுக்குள்ளேயே பிஷோய் முனிவரின் பழைய குகையறை இருக்கிறது. ஜெபத்தில் தூங்கிவிடக் கூடாது என்று தன் தலைமுடியைக் கூரையில் கட்டிக்கொள்வாராம். அந்தக் கொக்கி இருக்கும் இடத்தை என் தோழி பக்தியோடு காட்டினாள். நான் பேசாமல் நின்றேன். தூக்கம் கலைந்த கண்களோடு வருடக்கணக்கில் நடமாடியவளுக்கு அந்தக் கொக்கி ஒட்டவில்லை. ஆனால் அதே பிஷோய் பற்றி இன்னொரு கதையும் அவள் சொன்னாள். மலைமேல் கிறிஸ்து காட்சி தரப்போகிறார் என்று கேள்விப்பட்டுத் துறவிகள் எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். வழியில் நடக்க முடியாத ஒரு கிழவர், என்னையும் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சினார். ஒருவரும் நிற்கவில்லை. கடைசியாக வந்த பிஷோய் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், சுமப்பது யாரை என்று தெரிந்துவிட்டது. அங்கே விற்கிற படங்களில் அதிகம் இந்தக் காட்சிதான். வாங்கி வந்து பீரோவுக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பாலைத் துறவிகள் என்றால் உடம்பை வதைத்தவர்கள் என்றே நம்மில் பலருக்கு நினைப்பு. வதைத்தவர்களும் உண்டு. ஆனால் பழைய நூல்களை நிதானமாக வாசித்தால் வேறொன்றும் தெரிகிறது. அலுத்தவரை எப்படி நடத்துவது என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். நித்ரியாவில் கோவிலை ஒட்டி ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. பல்லாடியஸ் பார்த்து எழுதியது: வந்தவர் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம். முதல் ஒரு வாரம் ஒரு வேலையும் தர மாட்டார்கள். சும்மா இருக்கலாம். அதற்குப் பிறகுதான் தோட்டத்திலோ, ரொட்டி சுடும் இடத்திலோ, சமையலிலோ வேலை. கொஞ்சம் படித்தவர் என்றால் புத்தகம் தருவார்கள், ஆனால் நண்பகல்வரை அவரோடு யாரும் பேசக் கூடாது. ஏழு ரொட்டி அடுப்பு இருந்தது, வைத்தியர்கள் இருந்தார்கள், பலகாரம் செய்கிறவர்கள்கூட இருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே போய் நின்றால் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் சங்கீதப் பாட்டு எழுவது கேட்குமாம்.

கெல்லியாவில் குடில்கள் எட்ட எட்ட இருந்தன. ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது. சனியும் ஞாயிறும் மட்டும் கோவிலில் கூடுவார்கள். யாராவது வரவில்லை என்றால், அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று புரிந்துகொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பார்கள். தன்னிடம் இருப்பதில் நோயாளிக்குப் பிடிக்கும் எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். இதை எழுதியவர் அந்தக் காலத்து எழுத்தாளர் ரூஃபினஸ். ஏன் ஆராதனைக்கு வரவில்லை என்று கேட்டுப் போனதாக அவர் எழுதவில்லை. அதே ரூஃபினஸ் ஒரு திராட்சைக் குலையின் பயணத்தையும் சொல்கிறார். அலெக்சாந்திரிய மக்காரியஸுக்கு (ஸ்கேதிஸில் குடியேறியவர் வேறு, இவர் வேறு) ஒருவர் ஒரு குலை கொண்டுவந்தார். அவருக்கு நாவூறியது. என்றாலும் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையே என்று அவருக்கு அனுப்பினார். அவர் இன்னொருவரை நினைத்து அவருக்கு அனுப்பினார். இப்படி அந்தப் பாலை முழுக்கக் குடில் குடிலாகச் சுற்றி, கடைசியில் யாரோ ஒருவர், முதலில் கொடுத்தது யார் என்று தெரியாமல், அதை மக்காரியஸிடமே கொண்டுவந்தார். ஒரு பழம்கூடக் குறையவில்லை.

இன்னொரு கதை, ஒரு வேடன் சம்பந்தப்பட்டது. அந்தோணியார் சகோதரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை அவன் பார்த்து முகம் சுளித்தான். வில்லை வளை என்றார். வளைத்தான். இன்னும் வளை, இன்னும் வளை என்றார். இதற்கு மேல் போனால் ஒடிந்துவிடும் என்றான் அவன். சகோதரர்களும் அப்படித்தான் என்று முடித்துவிட்டார். ஆர்சேனியஸ் நோயில் விழுந்தபோது, குருவானவர் அவரைக் கோவிலுக்குத் தூக்கிவந்து மெத்தையில் கிடத்தித் தலைக்கு ஒரு சின்னத் தலையணையும் வைத்தார். பார்க்க வந்த ஒரு துறவிக்குப் பொறுக்கவில்லை. ஆர்சேனியஸுக்குப் போய் மெத்தையா என்றார். குருவானவர் அவரைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஆடு மேய்த்தேன், வெறுந்தரையில் படுத்தேன், கஷ்டம்தான் என்றார். இப்போது? இப்போது குடில் இருக்கிறது, முன்னைவிடச் சுகம் என்றார். இவர் அரண்மனையில் பட்டு விரிப்பில் படுத்தவர், உங்களுக்கு இங்கே வந்தது ஏற்றம், இவருக்கு இறக்கம் என்று குருவானவர் எடுத்துச் சொன்னதும், அவர் விழுந்து மன்னிப்புக் கேட்டார். எந்த உடம்புக்கு எவ்வளவு ஓய்வு என்பதை வெளியே நின்று பார்க்கிறவர் தீர்மானிக்க முடியாது. வார்டில் நாங்கள் முதல் வருடமே கற்றுக்கொள்கிற பாடம் இது.

சபையில் இந்தப் பாடம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு சமயம் முழு இரவு ஜெபத்துக்குப் போனேன். ராத்திரியும் பகலும் மாறிப்போன உடம்பு. பாட்டு முடிந்து நீண்ட ஜெபம் ஆரம்பித்ததும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். ஒரு பெரியவர் தோளைத் தட்டி எழுப்பி, “ஏம்மா, ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியாதா?” என்றார். கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷர்களைக் கேட்ட கேள்வி அது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மீதி இரவு முழுக்க விழித்திருந்தேன். ஜெபித்தேன் என்று சொல்ல மாட்டேன், அழாமல் இருப்பதே வேலையாக இருந்தது. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, நோயாளி மாமியார் என்று மூச்சுவிட நேரமில்லாத பெண்களுக்கு இன்னொரு உபவாசக் கூட்டத்தையும் இன்னொரு அதிகாலை ஜெபத்தையும் மருந்தாக எழுதிக் கொடுக்கிற பழக்கத்தை நான் அன்றிலிருந்து ஏற்றுக்கொண்டதில்லை. கெத்செமனேயில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மூச்சில் இயேசு அவர்களுக்காக சமாதானமும் சொன்னார். மனசுக்கு விருப்பம் உண்டு, உடம்புக்குத்தான் தெம்பில்லை என்றார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவைக் கேட்டுத் தூங்கிப்போனபோது, வந்த தூதன் புத்தி சொல்லவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் தடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் சாப்பாட்டோடுதான் வந்தான்.

என்னைத் தட்டி எழுப்பியவர் கேட்ட கேள்வியையே ஸ்கேதிஸின் சில பெரியவர்களும் கேட்டார்கள். அவர்கள் கேட்டது அப்பா பீமெனிடம். அப்பா என்பது அங்கே மூத்த துறவிக்கு மரியாதைப் பட்டம். ஆராதனையில் சகோதரர்கள் தூங்கி வழிகிறார்களே, ஜெபத்துக்காக அவர்களைத் தட்டி எழுப்பலாமா என்பது கேள்வி. பீமென் சொன்ன பதில்: தூங்கி விழுகிற சகோதரனை நான் கண்டால், அவன் தலையை என் மடியில் வைத்து அவனை இளைப்பாற விடுவேன்.

இந்தப் பீமெனின் சீடர்கள் வட்டத்தில்தான் பாலைப் பெரியவர்களின் கதைகள் சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அத்தனை கொக்கிகளுக்கும் விழிப்புகளுக்கும் நடுவே இந்த மடியையும் விடாமல் எழுதிவைத்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

மத்தேயு 11-ஆம் அதிகாரத்தின் முடிவில் இயேசு, பாரம் சுமந்து களைத்தவர்களைத் தம்மிடம் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டுச் சுவர்க் காலண்டரிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கல்லறைத் தோட்டத்திலும் அந்த வசனத்தைப் பார்த்தே வளர்ந்தேன். காலண்டர் அங்கேயே நிறுத்திவிடும். அடுத்த வசனத்தில் அவர் ஒரு நுகத்தைத் தருகிறார். களைத்து வந்த மாட்டுக்கு இன்னொரு நுகமா என்று வெகுநாள் புரியாமல் இருந்தேன். அந்தோணியார் கண்ட தூதன் கயிறு திரித்துக்கொண்டிருந்ததை வாசித்த பிறகு கொஞ்சம் புரிகிறது. நுகம் இரண்டு மாட்டுக்குப் பூட்டுவது. கூட இழுக்க ஆள் இருக்கிறது. எவாக்ரியஸ் சொன்ன வைத்தியமும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சோர்வு வந்த நேரத்தில் குடிலை விட்டு ஓடாதே. அழுகை வந்தால் அழு. 42-ஆம் சங்கீதக்காரன்போல உன் ஆத்துமாவிடமே நீ ஏன் கலங்குகிறாய் என்று கேள், உனக்குள் ஒரு பாதி மற்ற பாதிக்கு ஆறுதல் சொல்லட்டும். எடுத்த வேலையை அளவோடு செய்து முடி. இந்தப் பேய் போன பிறகு உடனே வேறு எதுவும் வராது, ஒரு சமாதானமும் சொல்ல முடியாத சந்தோஷமும் மிஞ்சும் என்கிறார். ராத்திரி டியூட்டி முடிந்து, சூரியன் வந்த பிறகு, யூனிஃபார்மை மாற்றி பஸ்ஸுக்கு நடக்கும் கொஞ்ச நேரம் அப்படி இருக்கும். அதை நான் என் ஜெபத்தின் பலன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. யாரோ தருகிறார்கள் என்றுதான் தோன்றும்.

407 வாக்கில் பாலைவனக் கொள்ளையர் ஸ்கேதிஸைச் சூறையாடினார்கள். பீமெனும் அவர் சகோதரர்களும் இடம் பெயர்ந்தார்கள். ஆர்சேனியஸும் பிற்பாடு கண்ணீரோடு அதை விட்டுப் போனார். அதற்கு முன்பே, ஒரு சச்சரவில், எவாக்ரியஸின் வழி வந்தவர்கள் எகிப்திலிருந்து துரத்தப்பட்டிருந்தார்கள். அவர்களோடு வெளியேறியவர்களில் ஒருவர் ஜான் காசியன். அவர் 415 வாக்கில் இன்றைய பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குப் போய் மடம் கட்டி, பாலையில் கேட்டதையெல்லாம் லத்தீனில் எழுதினார். நடுப்பகல் பேய்க்கு ஒரு முழுப் புத்தகம் ஒதுக்கினார். பவுல் என்ற துறவியின் கதை அதில்தான் வருகிறது. சந்தை வெகுதூரம், கொண்டுபோகிற கூலிக்கே கட்டாது. என்றாலும் அவர் நாள் தவறாமல் ஓலை முடைந்து அறையை நிரப்புவார். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் தீயில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்.

ஐரோப்பாவுக்குப் போன அந்தப் பேய் காலப்போக்கில் உருமாறியது. எவாக்ரியஸ் பட்டியலிட்ட எட்டுக் கெட்ட நினைவுகளில் இந்தச் சோர்வும் ஒன்று. அந்த எட்டைத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஏழாகத் திருத்தி அடுக்கியபோது, சோர்வு துக்கத்துக்குள் கரைந்தது. பிறகு வந்தவர்கள் அதை மீட்டார்கள், ஆனால் மெல்ல மெல்ல அது வெறும் சோம்பலாகிவிட்டது. ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கும் தலையான பாவங்கள் ஏழில் கடைசியாக வரும் சோம்பலுக்குப் பின்னால், கெல்லியாவில் வெயிலை அண்ணாந்து பார்த்து நின்ற ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். ஆறுதல் தேவைப்பட்ட ஒரு நோய் குற்றமாகிவிட்டது.

எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே காசினோ மலையில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதினார். காசியனையும் பாலைப் பெரியவர்களின் வரலாறுகளையும் வாசிக்கச் சொல்லி அந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறார். எனவே நடுப்பகல் பேயை அவர் அறியாதவர் இல்லை. வேலைக்கும் வாசிப்புக்கும் நேரம் பிரிக்கிற 48-ஆம் அதிகாரத்தில் அவர் செய்தது இது. ஈஸ்டர் தொடங்கி கோடை முடியும்வரை, காலையில் வேலை. நாலாம் மணியிலிருந்து ஆறாம் மணிவரை வாசிப்பு. ஆறாம் மணிக்கு, அதாவது நண்பகலில், சாப்பிட்டு எழுந்ததும், எல்லோரும் அவரவர் கட்டிலில் பேச்சில்லாமல் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். யாருக்காவது வாசிக்க ஆசை என்றால் வாசிக்கலாம், ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொந்தரவு இல்லாதபடி தனக்குள் வாசித்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டு வாசிப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. அடுத்த ஜெபத்துக்கு அவர்களை எழுப்புவது எட்டாம் மணி பாதியில், பேய் கிளம்பிப் போகும் வேளையில். அதன்பிறகு பொழுது சாயும்வரை வேலை. உடம்புக்கு முடியாதவர்களுக்கு, அவர்களை நசுக்காத வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அதே அதிகாரத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார்.